அழுத பிறகுதான் கடிகாரம்

இப்போதெல்லாம் பச்சைக் குழந்தைகள் வார்டுக்குள் நுழைந்தால் எனக்கு ஏதோ விமானத்துக்குள் ஏறிவிட்ட மாதிரி இருக்கிறது. குழந்தையின் பாதத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு, தலைமாட்டில் ஒரு திரை, மூச்சு கொஞ்சம் குறைந்தால் இயந்திரமே கத்தி ஊரைக் கூட்டுகிறது. புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். எழுபதுகளில் தூத்துக்குடியில் நான் இதே ஆராய்ச்சியைத் தொடங்கியபோது என் கையில் இருந்தவை நான்கு: அப்பா வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம், ஒரு டார்ச் லைட், சைக்ளோஸ்டைல் செய்த படிவம் ஒரு கட்டு, ஒரு ஊருக்கே பங்கு வைக்கும் அளவுக்குத் தலைக்கனம். முதல் மூன்றும் எங்கே தொலைந்தன என்று தெரியாது. நான்காவது தொலைந்த இடம் நன்றாக நினைவிருக்கிறது.

நான் நாசரேத்துக்காரி. அப்பா பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். எங்கள் வீட்டில் காலையில் ஜெபம், மாலையில் ஜெபம், நடுவில் இங்கிலீஷ் இலக்கணம். நல்ல நேரம், நட்சத்திரம், ஜாதகம் என்ற பேச்சே வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவள் நான். அந்தப் பெருமைதான் பின்னால் என் காலை வாரிவிட்டது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆராய்ச்சி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பிறந்ததும் மூச்சு விடாமல் கிடந்து, பிறகு பிழைத்துக்கொள்ளும் குழந்தைகளின் மூளைக்கு என்ன ஆகிறது? எவ்வளவு நேரம் மூச்சு தாமதித்தால் எவ்வளவு சேதம்? மதுரையிலிருந்த என் பேராசிரியர் இந்தக் கேள்வியைக் கையில் கொடுத்துத் தூத்துக்குடிக்கு அனுப்பினார். புதிய துறைமுக வேலை நடந்துகொண்டிருந்த நேரம் அது. கல் ஏற்றிய லாரிகளும் ஆட்களும் ஊருக்குள் வந்து குவிந்தார்கள், பிரசவங்களும் அதற்குத் தகுந்த மாதிரி குவிந்தன. நான் போன ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே நடந்த தப்பு என்னுடையது, ஆஸ்பத்திரி சும்மா நின்றிருந்தது.

பிரசவ அறை முழுவதும் ஒரு தலைமை நர்ஸின் பொறுப்பு. எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிடுவார்கள். கன்னியாஸ்திரீ இல்லை, நான்கு பிள்ளை பெற்ற உள்ளூர்க் கத்தோலிக்கப் பெண்மணி. குள்ளம், கனம், குரல் மட்டும் கடற்கரை வரை கேட்கும். என் படிவத்தில் 'பிறந்த நேரம்', 'முதல் அழுகை நேரம்' என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். இரண்டுக்கும் இடையில் உள்ள இடைவெளிதான் என் ஆராய்ச்சியின் உயிர். சிஸ்டர் முத்து முத்தாக எழுதவைத்துத் தருவார். ஒரு அடித்தல் இருக்காது, ஒரு கட்டம் காலியாக இருக்காது. நான் காலையில் வந்து படிவங்களை வாங்கிக்கொண்டு, வார்டில் குழந்தைகளைப் பரிசோதித்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கணக்குப் போடுவேன். பிரசவ அறைக்குள் நான் போவதில்லை. அங்கே வியர்வையும் கூச்சலும், ஆராய்ச்சியாளருக்கு அங்கே என்ன வேலை என்று ஒரு நினைப்பு.

சில மாதங்களில் படிவங்கள் விசித்திரமாகப் பேச ஆரம்பித்தன. குழந்தைகள் எல்லாம் பிறந்த நிமிடமே அழுதிருக்கின்றன. ஆனால் அவற்றில் சில மறுநாளே துவண்டு கிடக்கின்றன, வலிப்பு வருகிறது, பால் குடிக்கத் தெரியவில்லை. புத்தகத்தில் இப்படி இல்லையே என்று யோசித்தேன். யோசித்த அடுத்த நிமிடமே புத்தகம்தான் தப்பு என்ற முடிவுக்கும் வந்துவிட்டேன். உப்புக் காற்றா, கிணற்றுத் தண்ணீரா, சொந்தத்துக்குள் கல்யாணமா? இந்தக் கடற்கரைக்கே உரிய ஒரு புது நோயைக் கண்டுபிடித்துவிட்டதாக எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கட்டுரையை எழுதி மாநாட்டுக்கு அனுப்பிவிட்டு, பேராசிரியருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அவரிடமிருந்து இன்லண்ட் லெட்டர் வந்தது. உள்ளே ஒரே வரி: "நீ அந்த அறையில் நின்று பார்த்தாயா?" பொறாமை என்று நினைத்து மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

அந்த வாரத்தில்தான் ரோசாலியின் பிள்ளைக்கு வலிப்பு வந்தது.

ரோசாலிக்கு இருபது வயது இருக்கும், தலைப் பிரசவம். ஆலந்தலையில் பிறந்து தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் சூசை சங்கு குளிப்பவர். முத்துக்குளிப்பு நின்றுபோய் வருடக்கணக்காகிவிட்டதால் முத்துக் குளித்த குடும்பங்கள் சங்கோடு நின்றுவிட்ட காலம். பிள்ளை பிறந்த மறுநாள் நான் வார்டுக்குப் போனபோது ஆண் குழந்தை ஒன்று வாயைச் சப்புக் கொட்டிக்கொண்டு, ஒரு பக்கக் கையையும் காலையும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. மருந்து போட்டோம். இழுப்பு அடங்கியதும் சூசையின் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். ஒல்லியான, நிமிர்ந்த பெண்மணி, கழுத்தில் ஜெபமாலை.

"ஏன் டாக்டரம்மா, பிள்ளைக்கு இப்படி வெட்டி இழுக்கு?"

நான் படிவத்தைப் பார்த்தேன். பிறந்தது பத்து இருபது, அழுதது பத்து இருபது. என் புது நோய்க்கு இன்னொரு சாட்சி கிடைத்துவிட்டது. உற்சாகத்தில், படிவத்தின் பதினோராவது கேள்வியை அங்கேயே, மாமியார் முன்னாலேயே கேட்டேன்.

"உங்க குடும்பத்துல யாருக்காவது வலிப்பு உண்டா?"

ரோசாலி படுத்தபடியே யோசித்தாள். நேர்மையான பெண். டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறாள்.

"எங்க சித்தி மவனுக்கு சின்னதுல வந்திருக்கு டாக்டரம்மா. இப்ப ஒண்ணும் இல்ல, மெட்ராசுல வேல பாக்கான்."

நான் அறிவாளி மாதிரி தலையை ஆட்டினேன். "பிள்ளை பிறந்த உடனே அழுதிருக்கு. அதனால பிரசவத்துல குறை ஒண்ணும் இல்ல. இது வம்ச வழியா இருக்கலாம்."

இருக்கலாம் என்றுதான் சொன்னேன். அந்த அம்மா அந்த 'லாம்'-ஐ வார்டிலேயே விட்டுவிட்டு, வம்ச வழியை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அது தெரியாது. ஆறாம் நாள் பிள்ளை பால் குடிக்க ஆரம்பித்தது, வீட்டுக்கு அனுப்பினோம், நான் கட்டுரைக்கு ஒரு பத்தி கூட்டி எழுதினேன்.

ஒன்றரை மாதம் கழித்துக் குழந்தையை வீட்டில் போய்ப் பார்ப்பது எங்கள் வழக்கம். தாய்க்கு என்று ஒரு பொட்டலம் முந்திரி மக்ரூன் இனிப்பு வாங்கிக்கொண்டு கடற்கரைத் தெருவில் அந்த வீட்டைத் தேடிப் போனேன். முற்றத்தில் சூசை உட்கார்ந்து சங்கு சுத்தம் செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் அம்மா சமையல் நடந்துகொண்டிருந்த குசினியிலிருந்து வெளியே வந்து பெஞ்சைத் துடைத்துப் போட்டார்.

"ரோசாலியும் பிள்ளையும் எங்கம்மா?"

"அவ ஆத்தா வீட்ல இருக்கா. ஆலந்தலையில."

"எப்ப வருவாங்க?"

"எதுக்கு வரணும்?" என்றார் அந்த அம்மா, சாதாரணமாக. "நீங்கதான டாக்டரம்மா சொன்னிய, வம்ச வழின்னு. இன்னொண்ணு பெத்தா அதுக்கும் வரும். வார பிள்ளைக்கெல்லாம் வெட்டு இழுத்தா எங்க வம்சம் என்னத்துக்கு ஆகும்? அவ அங்கனயே இருக்கட்டும். ஞானஸ்நானம் குடுத்து மரியாதையாத்தான் அனுப்பி வச்சோம்."

என் முதல் எண்ணம் அந்தப் பெண்ணைப் பற்றியதாக இருந்தது என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். அப்படி இல்லை. 'இருக்கலாம்' என்றுதானே சொன்னேன் என்று என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் முதலில் வாயைத் திறந்தேன். இருபது வயதுப் பெண் ஒருத்தி நோயாளிக் குழந்தையோடு, குறைப்பட்ட ரத்தம் என்ற பெயரோடு, பிறந்த வீட்டு மூலையில் காலம் முழுக்க உட்காரப் போகிறாள். நான் என் இலக்கணத்தை நிரூபித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சொன்னது சும்மா இல்லை, ஆதாரம் உண்டு என்று காட்ட, பையிலிருந்து படிவத்தை எடுத்து வாசிக்கவும் செய்தேன்: "பாருங்க, பிறந்தது பத்து இருபது. அழுததும் பத்து இருபது."

சூசை அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"அழுதது அப்பதான் டாக்டரம்மா. பெறந்தது அப்ப இல்ல."

"என்ன சொல்றீங்க?"

"நான் கதவுக்கு வெளிய நின்னேன். 'வந்துட்டான், ஆம்பளப் பிள்ள'ன்னு சிஸ்டர் சொன்னது நல்லாக் கேட்டுது. அதுக்குப் பெறவு சத்தம் இல்ல. நான் எண்ணுனேன். முந்நூத்தி நாப்பதுலதான் அழுதான்."

சங்கு குளிக்கப் போகிறவர்கள் சூசை போகும் வள்ளத்திலிருந்து ஜோடி ஜோடியாகக் கடலில் இறங்குவார்களாம். ஒருவர் அடியில் இருக்கும்போது மேலே இருப்பவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணிக்கை ஒரு அளவை மிஞ்சினால் கேள்வியே இல்லாமல் இவரும் குதிக்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக இதைச் செய்தவருக்கு, யாராவது மூச்சில்லாமல் இருக்கிறார்கள் என்றால் எண்ணிக்கை தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது. "நூத்தி அம்பதத் தாண்டியாச்சு. கடலுன்னா குதிச்சிருப்பேன். அங்கன எங்க குதிக்க?" என்றார்.

"ஏலே, பொண்டாட்டிக்காவ சொல்லுத" என்றார் அம்மா.

"இத ஏன் நீங்க ஆஸ்பத்திரியிலேயே சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க எழுதி வச்சிருந்தியல்லா. நான் பயத்துல எண்ணுனது. எழுதுனதவிட அது பெருசா?"

கையிலிருந்த படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். ஆனாலும் பழக்கம் விடுமா? எந்தக் கருவியையும் சோதிக்காமல் நம்பக் கூடாது. அவரைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, அறுபது வரை எண்ணிக் கையைத் தூக்கச் சொன்னேன். அறுபத்தொரு நொடியில் கை தூக்கினார். இரண்டாவது முறை எண்ணும்போது நடுவில் அவர் அம்மா, "இது என்னலே கூத்து, சொவரப் பாத்து நிக்க?" என்று சத்தம் போட்டார். சூசை அசையவில்லை. மறுபடியும் அறுபத்தொன்று. அந்த ஊரில் அதுவரை நான் பார்த்த கருவிகளிலேயே ஒழுங்கானது அவர்தான்.

முந்நூற்று நாற்பது என்றால் ஐந்தே முக்கால் நிமிடம். அவ்வளவு நேரம் மூச்சில்லாமல் கிடந்த குழந்தைக்கு மறுநாள் வலிப்பு வராமல் இருந்தால்தான் அதிசயம். புது நோயும் இல்லை, வம்ச வழியும் இல்லை. மக்ரூன் பொட்டலத்தைக் கையில் வைத்தபடியே நடந்து ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தேன். வழியில் யாராவது என்னைக் கூப்பிட்டார்களா என்றுகூடத் தெரியாது.

மறுநாள் காலையில் முதல்முறையாகப் பிரசவ அறையில் போய் நின்றேன். சிஸ்டர் ஒரு மாதிரி பார்த்தார். ஒரு குழந்தை வந்தது. நீலமாக, தொளதொளவென்று. சிஸ்டர் சளியை உறிஞ்சி எடுத்தார், முதுகைத் தேய்த்தார், பாதத்தைச் சுண்டினார், அதனோடு பேசிக்கொண்டே இருந்தார். கடைசியில் அது வீறிட்டது. அந்த நிமிடம்தான் சிஸ்டர் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "பதினொண்ணு அஞ்சு, எழுதிக்கோ" என்று பக்கத்தில் நின்ற நர்ஸிடம் சொன்னார். என் கைக்கடிகாரத்தில் இரண்டு நிமிடம் இருபது நொடி ஓடியிருந்தது. படிவத்தில் முத்து முத்தாக விழுந்தது: பிறந்தது பதினொன்று ஐந்து, அழுதது பதினொன்று ஐந்து.

"சிஸ்டர், பிள்ளை பதினொண்ணு மூணுக்கு முன்னாலேயே வந்துட்டே?"

"வந்தது வந்துது டாக்டர். அழுதாத்தான பெறந்ததுன்னு கணக்கு. ஜாதகத்துக்கு அதுதான கேப்பாக?"

பிறகுதான் விவரம் தெரிந்தது. பல வருடங்களுக்கு முன்னால் விளாத்திகுளம் பக்கத்தில் விவசாயம் செய்யும் சம்சாரி வீட்டுப் பிரசவம் ஒன்று. பிள்ளை வெளியே வந்த நேரத்தைச் சிஸ்டர் எழுதிக்கொடுத்திருக்கிறார். அவர்கள் ஊர் ஜோசியரோ, முதல் அழுகை நேரம்தான் செல்லும், இது தப்பு என்று ஜாதகத்தைத் திருப்பிவிட்டார். ஒரு வண்டி ஆட்கள் வந்து ஆஸ்பத்திரியில் நின்று சண்டை போட்டார்களாம். அன்றிலிருந்து அந்த அறையில் ஒரே வழக்கம்: அழுத பிறகுதான் கடிகாரம். இந்துவோ கிறிஸ்தவரோ துலுக்கரோ, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நேரம். என் படிவத்திலும் அதையே எழுதியிருக்கிறார்கள். "ரெண்டு பேப்பர்ல ரெண்டு நேரம் இருந்தா தப்புல்லா?" என்றார் சிஸ்டர். ஜாதகம் என்ற சொல்லே காதில் விழாமல் வளர்ந்த நாசரேத்துப் பெண்ணுக்கு இது எப்படித் தோன்றும்? ஊரில் எந்தப் பெட்டிக்கடைக்காரரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

"அதுவரைக்கும் கடிகாரத்தப் பாக்கவே மாட்டீங்களா?" என்று கொஞ்சம் எரிச்சலோடுதான் கேட்டேன்.

"பிள்ளையப் பாக்கவா, கடிகாரத்தப் பாக்கவா டாக்டர்?"

 நாற்பது வருடமாக அந்தக் கேள்வியை நான் சுமந்துகொண்டு திரிகிறேன்.

அன்று மாலையே ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ரோசாலி வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுதியது எழுதியபடி இருக்கட்டும் என்றார். ஐந்தே முக்கால் நிமிடம் பிள்ளை மூச்சில்லாமல் கிடந்தது என்று இப்போது போய்ச் சொன்னால், அவ்வளவு நேரம் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றுதான் கேட்பார்கள். சிஸ்டர் தலைதான் உருளும். இருபது வருடமாக இந்த ஊர்ப் பிள்ளைகளைக் கையில் ஏந்தியவரைக் காட்டிக்கொடுத்துவிட்டு நீ மாநாட்டுக்குப் போய்விடுவாய், நாங்கள் இங்கேயே இருக்க வேண்டும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் பாதி சரிதான், அதுதான் என்னை வாட்டியது. ஒரு பக்கம் ரோசாலி, மறு பக்கம் சிஸ்டர். நடுவில் இரண்டு பேரையும் மாட்டிவிட்ட நான், எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த இரண்டு நாள் யோசனையில் நான் ஏதோ பெரிய முடிவுக்கு வந்ததாக நினைக்காதீர்கள். சிஸ்டரிடமே போய் உள்ளதை உள்ளபடி கொட்டினேன், அவ்வளவுதான். அவர் கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பிள்ளையவா ஆத்தா வீட்டுக்கு அனுப்பிட்டாக?"

"ஆமா சிஸ்டர். நான் சொன்னதை வச்சு."

"நாளைக்கு எனக்கு ஓய்வுதான். நானே வாரேன்."

மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் அந்த வீட்டில் போய் உட்கார்ந்தோம். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். நான் சொன்னது தப்பு, பிள்ளை உடனே அழவில்லை, மூச்சு தாமதமானதால்தான் வலிப்பு, ரோசாலி வீட்டு ரத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றேன். சூசையின் எண்ணிக்கையையும் சொன்னேன். அந்த அம்மாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அன்னைக்கு ஒண்ணு சொன்னிய, இன்னைக்கு ஒண்ணு சொல்லுதிய. அவன் பொண்டாட்டி வேணும்னு என்ன வேணாலும் எண்ணுவான். நான் எத நம்ப?"

நியாயமான கேள்வி. கையில் இருந்த ஒரே எழுத்துச் சாட்சி எனக்கு எதிராகவே இருந்தது. அப்போது சிஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் நகர்ந்தார்.

"நான் சொல்லுதேன், கேளுங்க. உங்க பேரன் வந்தப்ப உசுரே இல்லாத மாதிரி கெடந்தான். கழுத்துல கொடி ரெண்டு சுத்து. வாயில வாய வச்சு ஊதுனேன். ஊதி ஊதிப் பாத்தேன், அசையல. பெறவு ஒரு கையால தண்ணி எடுத்துத் தலையில ஊத்தி ஞானஸ்நானமும் குடுத்துட்டேன்."

அந்த அம்மா எழுந்தே விட்டார். கடற்கரையில் அதற்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை. பங்குச் சாமியார் வருவதற்குள் உயிர் போய்விடும் என்று தெரிந்தால்தான் பக்கத்தில் இருப்பவர் தண்ணீர் ஊற்றுவார். எண்ணிக்கையும் கடிகாரமும் என் பட்டமும் செய்யாததை ஒரு கைத் தண்ணீர் செய்தது.

"தண்ணி ஊத்துனியா?"

"ஊத்துனேன். அந்தோணின்னு பேரும் வச்சேன். அந்த நேரத்துல வாய்க்கு வந்த பேரு."

"நாங்க கோயில்ல மிக்கேல்னு வச்சிருக்கோம். அப்ப ஒரு தடவ குடுக்கதப் பிள்ளைக்கு ரெண்டு தடவ குடுத்தாச்சா? இத ஏன் அப்பவே சொல்லல?"

"ஊத்திட்டு மறுபடி ஊதுனேன், அழுதுட்டான். சாமியார்கிட்ட சொல்லணும்னுதான் நெனச்சேன். அன்னைக்கு ஆறு பிரசவம். விட்டுப்போச்சு. எம் மேல குத்தம்தான்."

அந்த அம்மா சிஸ்டரின் கைகளைப் பார்த்தார். நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பார் என்று பெரிய டாக்டர் பயந்தாரே, அந்தக் கேள்வி வரவில்லை. உள்ளே போய் இரண்டு தம்ளரில் காப்பி கொண்டுவந்து, முதல் தம்ளரைச் சிஸ்டரிடம் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அவ ரத்தத்துல குத்தம் இல்ல."

"இல்லம்மா. நான் சொன்னது தப்பு."

"தப்பா, தப்பா இருக்கலாமா?"

"தப்பு" என்றேன். அதைவிடச் சின்ன வாக்கியம் நான் வாழ்க்கையில் பேசியதில்லை.

சூசை அடுத்த நாள் முதல் பஸ்ஸிலேயே ஆலந்தலைக்குப் போய் ரோசாலியையும் பிள்ளையையும் கூட்டிவந்தார். அவர் அம்மா சாமியாரிடம் போய், இரண்டு ஞானஸ்நானத்தில் எது செல்லும் என்று கேட்டு அவரைப் பாடாய்ப் படுத்தியதாகக் கேள்விப்பட்டேன். மாநாட்டுக்கு அனுப்பிய கட்டுரையை நான் திரும்பப் பெற்றுக்கொண்டேன். பேராசிரியருக்கு நான்கு பக்கம் மன்னிப்புக் கடிதம் எழுதினேன். அவர் பதில் எழுதவில்லை, புதுப் படிவக் கட்டு ஒன்றைப் பார்சலில் அனுப்பிவைத்தார்.

பழைய படிவங்கள் அத்தனையும் வீண். முதலிலிருந்து தொடங்கினோம். கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னால் சிஸ்டர் ஒத்துக்கொள்ள மாட்டார், அது நியாயமும்கூட. அதனால் சூசையின் வழியைப் பிடித்தோம். பிள்ளை வெளியே வந்த நொடியிலிருந்து அறையில் ஒருவர் வாய்விட்டு எண்ண வேண்டும், அழுததும் நிறுத்த வேண்டும். எண்ணுகிறவர்களுக்கு இரண்டு காலை சூசையே வந்து வராந்தாவில் பயிற்சி கொடுத்தார். ஜாதகத்துக்கான நேரம் அதன்பாட்டுக்கு நடந்தது, யாரும் சண்டைக்கு வரவில்லை. சிஸ்டருக்கும் எண்ணிக்கை பிடித்துப்போனது. நூறைத் தாண்டும்போது கை தானாக வேகம் பிடிக்கிறது என்பார்.

இதோடு கதையை முடித்தால் எனக்கு நல்ல பெயர்தான். தப்பு செய்தாள், திருத்தினாள் என்று நீங்களும் கைதட்டிவிட்டுப் போவீர்கள். ஆனால் குழந்தையின் ஒரு வயதுப் பரிசோதனை பாக்கியிருந்தது.

மிக்கேல் வந்தான். பாட்டிதான் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார், பின்னால் பையோடு ரோசாலி. குழந்தை உட்காரப் பழகத் தாமதமாகியிருந்தது. இடது கால் கொஞ்சம் விறைப்பு. கை நன்றாக வேலை செய்தது, என் டார்ச் லைட்டைப் பிடுங்கிக்கொண்டு கொடுக்க மாட்டேன் என்றான். கால் இழுத்துத்தான் நடப்பான் போலிருக்கிறது, ஆனால் நடப்பான் என்று சொன்னேன். பாட்டி கேட்டுக்கொண்டு, எண்ணெய் தேய்க்கலாமா என்று மட்டும் விசாரித்தார். அவர்களுக்குள் சண்டை சச்சரவு இருந்த மாதிரி தெரியவில்லை. எனக்கு மனசு லேசாகிவிட்டது. படிவத்தை எடுத்து வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தேன், பதினோராவது கேள்வியும் வந்தது. ஒவ்வொரு முறையும் எல்லாக் கேள்வியையும் புதிதாகக் கேட்க வேண்டும் என்பது எங்கள் விதி. இந்த முறை புத்தி இருந்தது, பாட்டியைப் பிள்ளையோடு வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் கேட்டேன்.

"குடும்பத்துல யாருக்காவது வலிப்பு உண்டா ரோசாலி?"

அவள் சாத்தியிருந்த கதவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, சிரிப்புகூட இருந்தது.

"எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் கிடையாது டாக்டரம்மா. எப்பவும் கிடையாது."

டாக்டர் கேட்டதும் படுத்தபடி யோசித்து உள்ளதைச் சொன்ன அதே பெண். இனிமேல் எந்த டாக்டர் கேட்டாலும், எந்த ஊரில் கேட்டாலும், அவள் வாயிலிருந்து இந்தப் பதில்தான் வரும்.   அவள் எதிரிலேயே 'இல்லை' என்று எழுதினேன். அவள் போன பிறகு, கடைசியில் குறிப்புக்கு என்று விட்டிருந்த கட்டத்தில், 'பதினோராவது பதில் சரியல்ல. பிழை கேட்டவருடையது' என்று எழுதிக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.